அமுதவல்லி திருத்திய வரைபடம்

செய்தி வந்தபோது நான் ஒரு நோயாளியின் காலில் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரில் எங்கள் மருத்துவமனையின் பாதப் புண் பிரிவில் செவ்வாய்க்கிழமை காலை என்றால் நிற்க இடமிருக்காது. என் கையில் உறை இருந்ததால் ஃபிலோமினா சிஸ்டர்தான் கைபேசியை எடுத்து என் காதருகே பிடித்தார். பேசியவர் இளங்கோவன், பாபநாசத்தில் பள்ளி ஆசிரியர், அமுதவல்லியின் கணவர்.

"சார், அமுதா போயிட்டா. காலைல ஏழு மணிக்கு. நீங்க கட்டு போடுற வேலையெல்லாம் முடிச்சிட்டே வாங்க. அப்படித்தான் உங்ககிட்ட சொல்லச் சொல்லியிருந்தா."

முடித்துவிட்டுத்தான் போனேன். அன்று வந்திருந்த கடைசி ஆளுக்கும் கட்டுப் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தபோது மணி ஒன்றரை. சிஸ்டர் மூக்கை உறிஞ்சியபடியே பஞ்சை வெட்டிக்கொண்டிருந்தார்.

அமுதவல்லியை உங்களில் பலர் உயிர்வேதியியல் பேராசிரியராக அறிவீர்கள். அவரிடம் படித்தவர்கள் இந்த நினைவு மலரில் அவருடைய வகுப்புகளைப் பற்றி எழுதுவார்கள். நான் அறுவை மருத்துவன். அவர் வகுப்பில் உட்கார்ந்தவன் இல்லை. ஒன்பது வருடம் அவரோடு சேர்ந்து வேலை செய்தவன், நடுவில் நான்கு மாதம் அவரோடு பேசாமல் இருந்தவன். அந்த நான்கு மாதம் ஏன் வந்தது, எப்படிப் போனது என்பதைச் சொல்ல வேண்டியவன் நான்தான்.

முதன்முதலில் அவர் என் அறைக்கு வந்தது ஒரு விநோதமான கோரிக்கையோடு. கைத்தறிச் சேலை, தோளில் துணிப்பை. உட்காரச் சொல்வதற்கு முன்பே, "டாக்டர், நீங்க புண்ணைத் துடைச்சுட்டுக் குப்பையில போடுறீங்களே, அந்தக் கசிவு எனக்கு வேணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து சின்னச் சின்னக் கண்ணாடிப் பாட்டில்களை எடுத்து என் மேசையில் வரிசையாக வைத்தார்.

அவர் அன்று சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். அடிபட்ட இடம் வீங்குகிறது, சிவக்கிறது, வலிக்கிறது. அதை அழற்சி என்கிறோம். நான் படித்த காலத்தில், அழற்சி தீ மாதிரி, எரிய ஒன்றுமில்லாவிட்டால் தானாக அணைந்துவிடும் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். அது அப்படியில்லை என்பது பிறகு தெரியவந்தது. உடம்பு தன்னிடமுள்ள கொழுப்பு அமிலங்களிலிருந்து சில மூலக்கூறுகளைச் செய்துகொள்கிறது. மத்தி, காணாங்கெளுத்தி போன்ற மீன்களில் நிறைய இருக்கிறதே, அந்த வகைக் கொழுப்பு. ரிசால்வின், மாரெசின் என்று அவற்றுக்குப் பெயர்கள். புதிதாக வெள்ளணுக்கள் வந்து குவிவதை அவை நிறுத்துகின்றன. செத்த அணுக்களை அள்ளிக்கொண்டு போகச் சொல்கின்றன. திசு மறுபடி வளர வழிவிடுகின்றன. வீக்கம் தணிவது ஒரு முடிவு அல்ல, அது ஒரு வேலை, அதைச் செய்ய ஆள் வேண்டும் என்பார் அமுதவல்லி. சர்க்கரை நோயாளிகளின் காலில் மாதக்கணக்கில் ஆறாத புண்களில் அந்த மூலக்கூறுகள் குறைவாக இருக்கின்றனவா? அதுதான் அவருடைய கேள்வி.

நான் ஒத்துக்கொண்டேன். ஆராய்ச்சி ஆர்வம் பாதி. அப்போது எனக்கு ஒரு பதவி உயர்வு வர வேண்டியிருந்தது, அதற்குக் கட்டுரை தேவைப்பட்டது என்பது மீதி.

நோயாளிகளிடம் சம்மதம் வாங்கும் வேலையை அவர் வேறு யாரிடமும் விடவில்லை. ஒரு படிவத்தில் கைரேகை வாங்கினால் முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தங்கம்மாளிடம் அவர் பேசியது எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. தங்கம்மாள் அறுபதை நெருங்கியவர். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் நடவு, களை, அறுப்பு என்று வயல் வேலைக்குப் போகிறவர். சேற்றுப்புண்ணாகத் தொடங்கிய ஒன்று அவருடைய வலது காலில் குழியாகி நின்றிருந்தது.

"முள்ளு குத்துனா வீங்குதுல்ல பெரியம்மா? உடம்பு ஆளனுப்பி வேலை பாக்குது. வேலை முடிஞ்சா குப்பையை அள்ளிட்டு ஆளுங்க வீட்டுக்குப் போகணும். போங்கன்னு சொல்றதுக்கு உடம்புலயே ஒரு சாமான் ஊறும். உங்க கால்ல அது ஊறுதா இல்லையான்னு பாக்கப்போறேன்."

"ஊறலைன்னா நீ ஊத்துவியா?"

"ஊத்துறதுக்கு இப்ப எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"அப்ப என் புண்ணு?"

"அதுக்கு டாக்டர் குடுக்குற மருந்துதான். நான் எடுக்குறதால உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது."

"பின்ன ஏன் தாயி கேக்குற?"

"பின்னாடி வர்றவங்களுக்கு."

தங்கம்மாள் காலை அவர் பக்கம் நீட்டினார். "சரி, எடுத்துக்க. தூக்கிப் போடுற சீழுதானே" என்றார்.

இப்படிச் சொன்னால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்று நான் எரிச்சலோடு சொன்னேன். ஆனால் மறுத்தவர்கள் மிகக் குறைவு. அமுதவல்லி பாபநாசத்துக்கு அருகே ஒரு வயல் வேலைக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு நடவுக்குப் போயிருக்கிறார். ஒரு காலைப் பார்த்த உடனே, "களை எடுத்துட்டு நேரா வர்றீங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு அவருக்கு எந்தப் படிவமும் தேவைப்படவில்லை.

ஒரு வருடத்துக்கும் மேலாகச் சேகரித்தோம். கிடைத்த வரைபடம் அழகாக இருந்தது. ஆறுகிற புண்களில் அந்த மூலக்கூறுகள் உயரத்தில், ஆறாத புண்களில் தரையோடு தரையாக. பார்த்தவுடன் புரிகிற படம். கட்டுரை எழுதி அனுப்பினோம். ஒரு நல்ல ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அச்சாக வேண்டியதுதான் பாக்கி. நான் வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

எங்கள் ஏற்பாடு இது: அமுதவல்லியின் கல்லூரியிலிருந்து ஒரு வண்டி காலை ஒன்பதரைக்கு வரும், மாலை நான்குக்கு மறுபடி வரும். எடுத்து வைத்த பாட்டில்களை ஐஸ் பெட்டியோடு கொண்டுபோய் ஆய்வகத்தின் ஆழ்குளிர்ப் பெட்டியில் வைப்பார்கள். ஒரு நாள் காலை நடை முடிந்ததும் ஓட்டுநருக்குக் காய்ச்சல். நான்கு மணி நடைக்குப் பதிலாக அமுதவல்லியே மதியம் ஒரு மணி வாக்கில் பேருந்தில் வந்து இறங்கினார். கட்டுப் போடும் அறையின் மூலையில் ஐஸ் பெட்டி இருந்தது. திறந்தார். ஐஸ் பாதி உருகி, பாட்டில்கள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன.

"சிஸ்டர், இதெல்லாம் எப்ப எடுத்தது?"

"பத்தரை, பதினொண்ணு இருக்கும் மேடம்."

"இன்னிக்கு மட்டும்தானா இப்படி இருக்கு?"

"தினமும் இப்படித்தான். டவுன் ஆளுங்க எட்டு மணிக்கே வந்துடுவாங்க, அவங்க பாட்டில் காலை வண்டியில போயிடும். ஊர்ல இருந்து வர்றவங்க பஸ் புடிச்சு வர பத்தரை ஆவுது. அவங்களோடது நாலு மணி வரைக்கும் இங்கதான் இருக்கும்."

அவர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் உடம்பு சரியில்லையோ என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

விஷயம் இதுதான். அந்த மூலக்கூறுகள் சீக்கிரம் சிதைந்துபோகிறவை. எடுத்தவுடன் உறைய வைக்க வேண்டும். நகரத்து நோயாளிகள் வாரம் இரண்டு முறை வந்து கட்டு மாற்றிக்கொள்கிறவர்கள். அவர்களுடைய புண் பெரும்பாலும் ஆறியது. தூரத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களின் புண் பெரும்பாலும் ஆறவில்லை. ஆறாத புண்ணின் பாட்டில்கள் ஐந்தாறு மணி நேரம் மூலையில் காத்திருந்திருக்கின்றன. நாங்கள் பதிவேட்டில் தேதி எழுதினோம், பெயர் எழுதினோம், புண்ணின் அளவு எழுதினோம். மணி எழுதவில்லை.

மறுநாளே அவர் சோதித்துப் பார்த்தார். ஒரே புண்ணிலிருந்து இரண்டு பாட்டில். ஒன்றை உடனே உறைய வைத்தார், மற்றதை நான்கு மணி வரை அந்த மூலையிலேயே விட்டார். இப்படிப் பலரிடம். இரண்டு வாரம் கழித்து மருத்துவமனை நடைபாதையில் என்னை நிறுத்தினார்.

"நம்ம படத்துல தெரியிறது புண்ணு இல்ல சார். பஸ் டைம்."

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி நின்றேன்.

"நிஜமாவே அவங்களுக்குக் குறைவா இருக்கலாமே, அமுதா?"

"இருக்கலாம். நமக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு எழுதியிருக்கோம்."

"இதை நாம சொல்லாம விட்டா யாருக்கும் தெரியப்போறதில்ல" என்றேன் நான். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் அவரைப் பற்றி நான் எழுதுவதில் அர்த்தமில்லை.

"உங்களுக்குத் தெரியுமே சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. என்னைக் குற்றம் சொல்லும் தொனியும் இல்லை. என் மேல் அவ்வளவு மரியாதை வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அன்று எனக்கு வந்தது கோபம் மட்டுமே.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவரே எழுதினார். தவறு எங்கே நடந்தது என்பதை ஒரு பக்கத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். என் பெயரைப் போடலாமா என்று கேட்டு அனுப்பினார். போடுங்கள் என்று ஒற்றை வரியில் பதில் எழுதினேன். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. அவர் கல்லூரியிலும் பேச்சு வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். நான் விசாரிக்கவில்லை. அவர் அழைத்த இரண்டு முறையும் நான் எடுக்கவில்லை. பிறகு அவரும் அழைக்கவில்லை.

நான்கு மாதம் போனது.

அதற்குள் தங்கம்மாளின் கால் மோசமாகிவிட்டது. நடவு நேரத்தில் ஆறு வாரம் வராமலே இருந்து, விரல்கள் கறுத்துப் போன பிறகு வந்தார். உள்நோயாளியாகச் சேர்த்து இரண்டு விரல்களை எடுத்தேன். அறுவை முடிந்த மூன்றாம் நாள் வார்டுக்குள் நுழைந்தால், தங்கம்மாளின் கட்டில் பக்கத்தில் முக்காலி போட்டு அமுதவல்லி உட்கார்ந்திருந்தார். ஒரு ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாகத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் காலைப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

தங்கம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லையாமே? சிஸ்டரம்மா சொன்னாங்க."

அமுதவல்லி சுளைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இந்தப் புள்ள எங்க ஊருக்கே வந்துச்சு டாக்டர். ரெண்டு பஸ் மாறி. வரப்புல நடந்து வந்து, 'பெரியம்மா, உங்ககிட்ட எடுத்தது வீணாப் போச்சு, நாங்கதான் சரியா வைக்காம விட்டுட்டோம், மன்னிச்சுக்குங்க'ன்னு சொல்லுச்சு. எனக்கு அது என்னன்னே வெளங்கல. ஆனா எனக்கு இவ்ளோ வயசாச்சு. எங்ககிட்ட வந்து, நாங்க தப்பு பண்ணிட்டோம்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. ஆஸ்பத்திரியிலயும் சரி, ஆபீஸ்லயும் சரி. அதான் சொல்றேன், அதுகிட்ட பேசுங்க."

பட்டியலில் இருந்த ஒவ்வொருவரையும் அமுதவல்லி அப்படிப் போய்ப் பார்த்திருக்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில், இளங்கோவனின் இரு சக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து. வண்டி போகாத இடத்துக்கு நடந்து.

வார்டுக்கு வெளியே வந்ததும், "டீ குடிக்கலாமா?" என்று கேட்டேன். வேறெதுவும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. "சர்க்கரை கம்மியா" என்றார். கேன்டீனில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே, நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை அசைத்துத் தடுத்தார். "திரும்ப ஆரம்பிக்கலாமா சார்? இந்தத் தடவை நானே வந்து நிக்கிறேன்."

நின்றார். இரண்டு வருடம், கல்லூரி வேலை போக மீதி நேரமெல்லாம் எங்கள் அறையில்தான். கசிவை எடுத்த நொடியே குளிரூட்டிய ஆல்கஹால் கரைசலில் இட்டு, தான் தூக்கிவந்த திரவ நைட்ரஜன் குடுவையில் உறைய வைப்பார். பதிவேட்டில் மணிக்கு ஒரு கட்டம் போட்டார். ஊர், எத்தனை பேருந்து மாறினார்கள், கடைசியாக எப்போது கட்டு மாற்றினார்கள் என்பதற்கும் கட்டங்கள். ஃபிலோமினா சிஸ்டர் அலுத்துக்கொண்டே அத்தனையையும் நிரப்பினார்.

முடிவில் வந்த படம் பழையது மாதிரி அழகாக இல்லை. ஆறாத புண்களில் அந்த மூலக்கூறுகள் குறைவுதான். ஆனால் கொஞ்சமே குறைவு. புள்ளிகள் சிதறிக் கிடந்தன. கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அமுதவல்லிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சின்னதா இருந்தாலும் இது நெசம் சார்" என்றார். பிறகு பதிவேட்டைப் புரட்டி, பேருந்துக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "இங்க பாருங்க. என் மூலக்கூறைவிட இதுதான் பெரிய வித்தியாசம் காட்டுது. ரெண்டு பஸ் மாறி வர்றவங்களுக்குத்தான் ஆறவே மாட்டேங்குது. அவங்களால வாரத்துக்கு ரெண்டு தடவை வர முடியல. இதுக்கு ஆராய்ச்சி வேணாம். நீங்க நெனச்சாப் போதும்."

இத்தனை வருடம் அந்த அறையில் இருந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கிராம ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் செவிலியர்களுக்கு நாங்கள் கட்டுப் போடும் முறையைக் கற்றுக்கொடுத்தது அதன் பிறகுதான். தூரத்திலிருந்து வருகிறவர்களை வந்தவுடன் பார்த்து அனுப்புவதும் அப்போது தொடங்கியது. அதனால் காப்பாற்றப்பட்ட கால்களை எனக்குப் பெயர் சொல்லத் தெரியும். தங்கம்மாளின் மீதி விரல்களும் அதில் சேர்த்தி.

அந்தச் சிறிய கட்டுரை வெளிவந்ததும் சிலர் அவரைத் தேடி வந்தார்கள். மீன் எண்ணெய் மாத்திரை விற்கும் ஒருவர், புண் ஆறும் என்று ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டார். "மத்தி மீனு சாப்பிடுங்க, உடம்புக்கு நல்லது. புண்ணுக்கு மருந்துன்னு நான் சொன்னதா மட்டும் சொல்லாதீங்க" என்று சொல்லி வாசல் வரை போய் வழியனுப்பினார். யாரையும் அவமானப்படுத்தி அனுப்ப அவருக்குத் தெரியாது. "நம்பிக்கை குடுக்குறது சுலபம் சார், அதைத் திருப்பி வாங்குறதுதான் கஷ்டம்" என்று ஒரு முறை சொன்னார்.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது சென்ற வருடம். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சரியாகிவிடும் என்றார்கள். நான் பார்க்கப் போன அன்று இளங்கோவனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, "நீங்களாவது நேராச் சொல்லுங்க" என்றார். ஸ்கேன் படங்கள் கட்டிலில் கிடந்தன. மாதக்கணக்குதான் என்றேன். அவர் என் முழங்கையைத் தொட்டு, "சரி சார். இப்பத்தான் எதை முதல்ல செய்யணும்னு தெரியுது" என்றார். பிறகு தலைமாட்டிலிருந்த மாத்திரை டப்பாக்களைக் காட்டினார். உறவினர்கள் அனுப்பியவை, அத்தனையும் மீன் எண்ணெய். "என் பாடத்தையே எனக்கு மருந்தா அனுப்பியிருக்காங்க பாருங்க" என்று சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மதியம் நாங்கள் இருவரும் சந்தோஷமாக இருந்தோம் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

இறுதிச் சடங்கன்று பாபநாசத்து வீட்டு வாசலில் பந்தலுக்கு வெளியே ஒரு கூட்டம் தனியாக நின்றது. சிலர் ஊன்றுகோலோடு, சிலர் காலில் கட்டோடு. "இவங்கள்லாம் யாருங்க? சொந்தமும் இல்ல, காலேஜும் இல்ல" என்று உறவினர் ஒருவர் என்னிடம் கேட்டார். அமுதவல்லி மன்னிப்புக் கேட்டவர்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை. உட்கார நாற்காலி மட்டும் கொண்டுவந்து போட்டார்.

அவரிடமிருந்து நான் எதை எடுத்துக்கொண்டேன் என்பதை ஒரு நிகழ்ச்சியாகத்தான் சொல்ல முடியும். போன வாரம் தாராசுரத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். அவருடைய பாதப் புண்ணை நான் அவசரப்பட்டுத் தைத்து மூடியிருந்தேன். உள்ளே சீழ் கட்டி மறுபடி திறக்க வேண்டியதாகிவிட்டது. அவர் தன் மேல்தான் தவறு என்று நினைத்துக்கொண்டு, சாரத்தில் ஏறியதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். முன்பானால் நான் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீங்க ஏறுனதால இல்ல. நான் மூடியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது, அதனால உங்களுக்கு இன்னும் ஒரு மாசம் வேலை போகுது" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் காலை மெதுவாக நகர்த்தி, நான் இன்னும் நன்றாக உட்கார இடம்விட்டார்.

"சாப்பிட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டார்.